அரீதாவின் மௌனமும் அவர் வாழ்க்கையை எழுதியவரும்

அமெரிக்கக் கறுப்பின சோல் இசைப் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் வாழ்க்கையைப் பற்றி ஒரே எழுத்தாளரின் கைப்பட்ட இரண்டு நூல்கள் இருக்கின்றன. 1999-இல் வந்த ‘ஃப்ரம் தீஸ் ரூட்ஸ்’ முதலாவது. அது அரீதா சொல்ல, டேவிட் ரிட்ஸ் எழுதிக்கொடுத்த தன்வரலாறு. இரண்டாவது, 2014-இல் ரிட்ஸ் தம் பெயரில், அரீதாவின் ஒப்புதல் இல்லாமல் வெளியிட்ட ‘ரெஸ்பெக்ட்’ என்னும் வாழ்க்கை வரலாறு. முதல் நூலில் தாம் தோற்றுவிட்டதாகவும், அந்தக் குறையைத் தீர்க்கவே இரண்டாவதை எழுதியதாகவும் ரிட்ஸ் வெளிப்படையாகச் சொல்கிறார். அரீதாவோ, புதிய நூல் முழுக்கப் பொய் என்றும், தம் புத்தகத்திலிருந்து தாம் நீக்கச் சொன்ன பகுதிகளுக்காகப் பதினைந்து ஆண்டு கழித்து அவர் பழிதீர்த்துக்கொள்கிறார் என்றும் அறிக்கை விட்டார். இன்று அரீதாவைப் பற்றி எழுத உட்காரும் எவரும் இந்த இரண்டாவது நூலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். பத்திரிகைக் கட்டுரைகளும் 2018-இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளும் அதன் மேல்தான் பெரிதும் நிற்கின்றன. அப்படிப்பட்ட நூலில் இருக்கும் குறைகள், அதை ஒருபோதும் படிக்காதவர்களின் மனத்திலும் அரீதாவின் உருவமாகப் படிந்துவிடுகின்றன. அதனால்தான் அவற்றைப் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த நூலில் தகவல்கள் குறைவு என்பது என் குறை அன்று, தகவல்கள் ஏராளம். அரீதாவை ஒரு துயரப் புதிராக எடுத்துக்கொண்டு, அதன் விடையை அவர் குடும்பத்துக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் தேடிய அளவுக்கு, பியானோவின் முன் அமர்ந்து அவர் செய்த வேலைக்குள் அந்த நூல் தேடவில்லை என்பதே என் குறை.

சோல் இசை என்று நாம் சொல்வது, அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளின் நற்செய்திப் பாடல் முறையிலிருந்து பிறந்தது. ஒருவர் அழைக்க மற்றவர்கள் மறுமொழி கூறுவதும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடிப் பாடி அதன் பொருளை ஏற்றிக்கொண்டே போவதும், குரல் உடையும் இடத்தை மறைக்காமல் அதையே அணியாக்கிக்கொள்வதும் அங்கிருந்து வந்தவை. 1950-களின் நடுவிலிருந்து ரே சார்ல்ஸும் சாம் குக்கும் அந்த முறையை உலகியல் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1942 மார்ச் 25-இல் மெம்பிஸில் பிறந்து, டெட்ராய்ட்டின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் திருச்சபையில் வளர்ந்த அரீதா, அதைச் சிகரத்துக்குக் கொண்டுபோனார். 18 கிராமி விருதுகள், ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் 1987-இல் இடம்பெற்ற முதல் பெண் என்ற பெருமை, மறைவுக்குப் பின் 2019-இல் புலிட்சர் சிறப்புச் சான்று என்று அவர் பெற்றவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஆனால் அவர் பேசமாட்டார். நேர்காணல்களில் சொந்த வாழ்க்கையைத் தொட்டால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் காரணம் இருந்தது. 1968 ஜூன் 28 தேதியிட்ட ‘டைம்’ இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டு, அவருடைய அன்றைய கணவரும் மேலாளருமான டெட் வைட் அவரைப் பொது இடத்தில் தாக்கியதாக எழுதியது. அவர் தாயார் பிள்ளைகளைக் கைவிட்டுப் போனவர் என்றும் எழுதியது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர், தம் வாழ்வின் மிக உயர்ந்த கணத்தில், நாடு முழுக்க விற்கும் இதழில் தம் வீட்டுக் காயங்கள் அச்சாகியிருப்பதைப் பார்க்கிறார். அதற்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டதில் எனக்கு எந்த மர்மமும் தெரியவில்லை.

அந்த மௌனத்தின் விளைவே 1999-ஆம் ஆண்டு நூல். அதில் விருந்துகள், உடைகள், சமையல், பாராட்டுகள் எல்லாம் விரிவாக வருகின்றன. பதினாறு வயதுக்கு முன்பே இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானதும், டெட் வைட்டுடனான மணவாழ்க்கையும் சில வரிகளில் கடந்துபோகின்றன. தன்வரலாறு என்ற அளவில் அது சலிப்பூட்டும் புத்தகம்தான், அதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை முழுக்க அவரே முடிவுசெய்த ஒரே நூல் அது. அந்த வகையில் அது ஒரு சான்று.

இரண்டாவது நூல் செய்த நன்மைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். தாயார் பார்பரா பிள்ளைகளைக் கைவிட்டார் என்ற பழைய கதையை, உடன்பிறந்தவர்களின் வாய்மொழியைக் கொண்டு அது தெளிவாக மறுக்கிறது. 1948-இல் பார்பரா கணவரைப் பிரிந்து பஃபலோ நகருக்குப் போனார். பிள்ளைகள் விடுமுறைகளில் அங்கே போய் அவருடன் தங்கினார்கள். 1952 மார்ச்சில், அரீதாவுக்குப் பத்து வயது நிறைய மூன்று வாரங்கள்கூட இல்லாதபோது, மாரடைப்பில் அவர் இறந்தார். அரீதாவும் இதையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அதேபோல, தங்கை கரோலின் எழுதிய ‘எய்ன்ட் நோ வே’ போன்ற பாடல்களுக்கும், ‘பீஸ் ஆஃப் மை ஹார்ட்’ பாடலை 1967-இல் முதன்முதலில் பதிவுசெய்தவர் அக்கா எர்மா என்ற செய்திக்கும், கலைஞர்களுக்கு நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் தொழிலில் கோலோச்சிய கறுப்பினப் பெண் ரூத் போவனின் பங்குக்கும் அந்த நூல் உரிய இடம் தருகிறது. இவற்றுக்காக அதைப் பாதுகாக்கத்தான் வேண்டும்.

குறைகள் சாட்சிகளிடமிருந்து தொடங்குகின்றன. நூலின் பெரும்பகுதி பிறர் பேச்சால் ஆனது. எர்மா பேசுகிறார், கரோலின் பேசுகிறார், அண்ணன் சீசில் பேசுகிறார், ரூத் போவன், இசைத் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், ரே சார்ல்ஸ், பாடகி எட்டா ஜேம்ஸ் எல்லோரும் பத்தி பத்தியாகப் பேசுகிறார்கள். கரோலின் 1988-இல் இறந்தார், சீசில் 1989-இல், எர்மா 2002-இல், ரே சார்ல்ஸ் 2004-இல், வெக்ஸ்லர் 2008-இல், ரூத் போவன் 2009-இல், எட்டா ஜேம்ஸ் 2012-இல். நூல் வெளிவந்த 2014 அக்டோபரில், அதன் முதன்மைச் சாட்சிகளில் பெரும்பாலோர் உயிருடன் இல்லை. அந்தப் பேச்சுகள் வெவ்வேறு பத்தாண்டுகளில், பல சமயம் வேறு நூல்களுக்காகவும் ரிட்ஸ் எடுத்த நேர்காணல்களிலிருந்து வந்தவை. அவர் ரே சார்ல்ஸின் தன்வரலாற்றை 1978-இலும், வெக்ஸ்லருடையதை 1993-இலும், எட்டா ஜேம்ஸுடையதை 1995-இலும் அவர்களோடு சேர்ந்து எழுதியவர். இத்தனை பேரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது பெரிய பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் எந்த வாக்கியம் எந்த ஆண்டில், எந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்லப்பட்டது என்பது வாசகருக்குத் தெரியவேண்டிய இடங்களில் தெரிவதில்லை. அக்கா-தங்கையரிடையே பூசல் சூடாக இருந்த நாளில் சொன்னதா, ஆறிய பிறகு சொன்னதா என்பதைப் பொறுத்து ஒரு சாட்சியத்தின் எடை மாறும்.

இன்னொன்றையும் காது கவனிக்கிறது. திருச்சபையில் வளர்ந்த சீசிலும், நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்த வெக்ஸ்லரும், தெருவாழ்க்கையில் அடிபட்டு மேலே வந்த எட்டா ஜேம்ஸும் ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஒரே விதமான சுவையான முத்தாய்ப்போடு பேசுகிறார்கள். பிறர் குரலில் எழுதுவதில் ரிட்ஸ் தேர்ந்த கைகாரர். நாற்பது ஆண்டுகளாக அதுவே அவர் தொழில். தன்வரலாற்றுக்கு அந்தக் கைத்திறன் வரம். அங்கே, அச்சாகும் ஒவ்வொரு சொல்லையும் உரியவர் படித்து ஒப்புதல் தருகிறார். வாழ்க்கை வரலாற்றில், அதுவும் இறந்தவர்களைப் பேசவைக்கும்போது, அதே கைத்திறன் சாட்சியத்தின் மேல் ஒரு மெருகைப் பூசிவிடுகிறது. மெருகுக்குக் கீழே இருக்கும் தயக்கமும் நினைவுப்பிழையும் முரண்பாடும் நமக்குக் கிடைப்பதில்லை.

சாட்சிகளில் வெக்ஸ்லரைத் தனியே கவனிக்க வேண்டும். 1966-இன் இறுதியில் அரீதா கொலம்பியா நிறுவனத்தை விட்டு அட்லாண்டிக் நிறுவனத்துக்கு வந்தபோது அவரை வரவேற்றவர் அவர். அரீதாவைத் திருச்சபைக்குத் திரும்பக் கூட்டிப்போய், பியானோ முன் உட்காரவைத்து, அவர் இயல்புக்கு விட்டேன் என்று பிற்காலத்தில் சொல்லிவந்தவரும் அவரே. அந்தச் சொல்லில் உண்மை உண்டு. ஆனால் அது கதையின் நாயகனைச் சத்தமில்லாமல் மாற்றியும் விடுகிறது: செய்தவர் வெக்ஸ்லர், செய்விக்கப்பட்டவர் அரீதா. ரிட்ஸுடன் சேர்ந்து எழுதிய தம் தன்வரலாற்றில் வெக்ஸ்லர் அரீதாவை ‘மர்மத் துயரங்களின் அன்னை’ என்று அழைத்தார். சிலுவையடியில் நின்ற வியாகுல மாதாவை நினைவூட்டும் அந்தப் பெயர் அழகானது, எளிதில் மறக்காதது. இருபது ஆண்டு கழித்து வந்த வாழ்க்கை வரலாறு அந்தப் பெயரின் நிழலிலிருந்து வெளியே வரவேயில்லை என்பது என் கருத்து. துயரத்தின் மூலம் எது என்ற கேள்வியே நூலை நடத்திச் செல்கிறது. பாடல்கள் அந்தத் துயரத்தின் அறிகுறிகளாக வந்துபோகின்றன.

அதனால் ஏற்படும் இழப்பை 1967-ஆம் ஆண்டின் சில வாரங்களில் மிக நன்றாகக் காணலாம்.

அந்த ஜனவரி 24-இல், அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸில் ரிக் ஹால் நடத்திய ஃபேம் ஒலிப்பதிவுக்கூடத்தில் அரீதா தம் முதல் அட்லாண்டிக் பாடலைப் பதிவுசெய்ய உட்கார்ந்தார். பாட்டு ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’. எழுதியவர் ரானி ஷானன். வாத்தியக்காரர்கள் எல்லோரும் வெள்ளையர்; வந்திருக்கும் பாடகியை அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அரீதா பியானோவில் ஒரு சுரக்கூட்டை அழுத்தியதுமே, இது வேறு மாதிரி என்று அவர்கள் ஓடிப்போய்த் தத்தம் வாத்தியங்களில் உட்கார்ந்ததை அன்று அங்கே இருந்த பாடலாசிரியர் டான் பென் பிறகு சொல்லியிருக்கிறார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது, ஸ்பூனர் ஓல்ட்ஹாம் மின்பியானோவில் ஒரு சிறு சுழற்சியைக் கண்டுபிடித்தார். அதன் மேல் அரீதாவின் பியானோவும் குரலும் ஏறின. பாட்டு முடிந்தது. பிறகு குடி, வாய்த்தகராறு, டெட் வைட்டுக்கும் ஊதுவாத்தியக்காரர் ஒருவருக்கும் மோதல், இரவில் விடுதி அறையில் ரிக் ஹாலுடன் சண்டை. மறுநாள் எல்லாம் கலைந்துபோயிற்று.

இந்தக் கதையை இதுவரை எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக. ஹால் சொன்னது ஒன்று, வெக்ஸ்லர் சொன்னது இன்னொன்று. யார் யாரை என்ன சொன்னார், யார் முதலில் கையை ஓங்கினார் என்ற ஆராய்ச்சியில் பக்கங்கள் ஓடுகின்றன. ஆண்கள் அடித்துக்கொண்ட கதையாகவே அந்த நாள் முடிந்துபோகிறது. எனக்கோ அதற்கடுத்து நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. ‘டூ ரைட் வுமன், டூ ரைட் மேன்’ என்ற இரண்டாவது பாட்டு, தாளக்கட்டும் வழிகாட்டிக் குரலும் மட்டும் கொண்ட எலும்புக்கூடாக நின்றுபோயிருந்தது. சில வாரம் கழித்து நியூயார்க்கில் அரீதா அந்த ஒலிநாடாவின் முன் உட்கார்ந்தார். அதன் மேல் முதலில் பியானோ வாசித்தார். பிறகு அதே நாடாவின் மேல் ஆர்கன் வாசித்தார். பிறகு முதன்மைக் குரலைப் பாடினார். அக்கா-தங்கையரைச் சேர்த்துக்கொண்டு பின்குரல்களை அடுக்கினார். ஊருக்குள் எவருமே முடிக்க முடியாது என்று விட்டுவந்த ஒரு துண்டை, ஒரு பெண் தன் இரண்டு கைகளாலும் குரலாலும் குடும்பத்தாராலும் முழுப்பாட்டாக்கினார். இன்று அந்தப் பாட்டைக் கேட்கும்போது பியானோவும் ஆர்கனும் ஒன்றையொன்று இடிக்காமல் வழிவிட்டு நிற்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே கை. இதைத் தீர்மானித்தது யார், எத்தனை முறை மாற்றி வாசித்தார், எதை வேண்டாம் என்று விட்டார் என்பவை ஒரு வாழ்க்கை வரலாற்றின் நடுமையக் கேள்விகளாக இருக்கவேண்டும். துயரத்தைத் தேடும் நூலில் அவை ஓரத்துக்குப் போய்விடுகின்றன.

‘ரெஸ்பெக்ட்’ பாடலும் அப்படியே. 1965-இல் அதை எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் கொஞ்சம் மரியாதை கேட்கும் பாட்டு அது. 1967 பிப்ரவரி 14-இல் அரீதா அதைப் பதிவுசெய்தபோது கேட்பவர் மாறினார். பெண் கேட்கிறார், கெஞ்சவில்லை. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து உச்சரிக்கும் புகழ்பெற்ற இடம் ரெடிங்கின் பாட்டில் கிடையாது. அக்கா-தங்கையர் பின்னால் அடுக்கும் துரிதமான மறுமொழிகளும் கிடையாது. இடைப்பகுதியும் புதிது: சி மேஜர் சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு, கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் வாசிப்புக்காகத் திடீரென எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவி, எட்டு அடிகள் வேறொரு நிலத்தில் நடந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் வீட்டுக்குத் திரும்புகிறது. அந்தச் சுரக்கூட்டு வரிசை சாம் அண்ட் டேவ் என்னும் இரட்டையர் பாடிய வேறொரு பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பாட்டின் அமைப்பில் பெரும்பகுதி அரீதாவும் சகோதரிகளும் வீட்டில் வைத்து உருவாக்கி மேடையில் பாடிப் பார்த்தது. ஆனால் இசைத்தட்டில் தயாரிப்பாளர் என்று இருந்த பெயர் வெக்ஸ்லருடையது மட்டும்தான்.

கணவனிடம் அடிபட்ட பெண் மரியாதை கேட்டுப் பாடினாள் என்று இந்தப் பாட்டை வாழ்க்கைக் குறிப்பாகப் படிப்பது எளிது. அந்த ஆசை எல்லோருக்கும் வரும். பாட்டை நாட்குறிப்பாக்கும் இந்த வழக்கம் நூல் முழுக்க ஓடுகிறது. காதல் முறிந்தால் சோகப் பாட்டு, புதிய உறவு வந்தால் மகிழ்ச்சிப் பாட்டு. ஆனால் பாடகர்கள் அப்படிப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. அன்று கைக்கு வந்த பாட்டு எது, தம் குரலுக்கு எந்தச் சுருதி, போட்டியாளர் என்ன பாடியிருக்கிறார், நிறுவனத்துக்கு எத்தனை பாட்டு பாக்கி என்பவையும் சேர்ந்துதான் முடிவாகிறது. டெட் வைட்டின் கொடுமை உண்மை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாட்டு எப்படி அமைந்தது என்பதற்கு மட்டும் அது விடையாகாது. கொடுமைக்கு உள்ளான பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவிவிட்டுத் திரும்பும் வழியைக் கண்டவர்கள் சிலரே.

அரீதா சொல்லாமல் விட்டதை எல்லாம் பொய் என்றும் மறுப்பு என்றும் எடுத்துக்கொள்வது மற்றொரு குறை. தன்னைப் பற்றிய உண்மையைத் தானே எதிர்கொள்ள முடியாதவர் என்ற சித்திரம் மெல்ல மெல்ல உருவாகிறது. அதன் பின், அவர் செய்யும் ஒவ்வொன்றும் அந்தச் சித்திரத்துக்குள் போய் விழுகிறது. அவருடைய கைப்பையை எடுத்துக்கொள்வோம். நிகழ்ச்சிக் கட்டணத்தை முன்கூட்டியே ரொக்கமாக வாங்கி, அந்தப் பணம் இருக்கும் கைப்பையைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பாடுவது அரீதாவின் வழக்கம். 2015-இல் கென்னடி மையத்தில், அதிபர் ஒபாமா பார்த்துக்கொண்டிருக்க, விலங்குரோம மேலங்கியோடு மேடைக்கு வந்த அவர் பையைப் பியானோ மேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இதை விசித்திரப் பழக்கம் என்றோ, பாதுகாப்பின்மை என்றோ சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் 1950-களில் தந்தையின் பிரசங்கக் குழுவோடு தென்மாநிலங்களில் காரில் ஊர் ஊராகப் போன சிறுமி அவர். கறுப்பினக் கலைஞர்களுக்கு விடுதியில் அறை கிடைக்காத, உணவகத்தில் தட்டு கிடைக்காத, பாடி முடித்த பின் ஏற்பாட்டாளர் பணத்தோடு ஓடிப்போன காலம் அது. அந்தத் தலைமுறைக்கு ரொக்கமும் கைப்பையும் தொழில் அறிவு.

‘அமேசிங் கிரேஸ்’ திரைப்படத்தை அவர் தடுத்ததும் இப்படித்தான் பேசப்படுகிறது. 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் உள்ள நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் திருச்சபையில், நற்செய்தி இசைக்கலைஞர் ஜேம்ஸ் கிளீவ்லண்டும் சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி பாடகர் குழுவும் உடனிருக்க அரீதா நற்செய்திப் பாடல்களைப் பாடினார். அந்த இசைத்தொகுப்பு அவர் வாழ்நாளில் மிக அதிகம் விற்றது. தயாரிப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது. இயக்குநர் சிட்னி பொல்லாக் எடுத்த படச்சுருளோ, ஒலியையும் காட்சியையும் இணைப்பதற்கான தட்டுப் பலகையைப் பயன்படுத்தாமல் விட்டதால் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. பின்னர் தொழில்நுட்பம் அதைச் சரிசெய்தபோது, அரீதா நீதிமன்றம் போய்த் திரையிடலை நிறுத்தினார். அவர் மறைந்த பிறகே படம் வெளியே வந்தது. ஏன் தடுத்தார் என்பதற்கு மனநோய்க் கூறு தேடுபவர்கள், தன் உருவத்தையும் தன் உழைப்பையும் தன் சம்மதமின்றி விற்கக்கூடாது என்று ஒரு கலைஞர் சொல்வது சட்டப்படியும் நியாயப்படியும் இயல்பானது என்பதை மறந்துவிடுகிறார்கள். வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் காட்டிய எதிர்ப்பையும் நான் அதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

நியூ பெத்தேல் திருச்சபையின் போதகரான தந்தை சி.எல். ஃபிராங்க்ளினைப் பற்றிய பகுதிகளில்தான் எனக்கு மிகுந்த ஏமாற்றம். நூல் அவர் புகழைச் சொல்கிறது. 1963 ஜூனில் மார்ட்டின் லூதர் கிங்கோடு டெட்ராய்ட் வீதியில் நடந்த மாபெரும் ஊர்வலத்தில் அவர் பங்கையும் சொல்கிறது. ஆனால் வாசகர் நினைவில் நிற்பது நற்செய்தி இசைச் சுற்றுப்பயணங்களின் இரவு வாழ்க்கையும், போதகரின் பெண் தொடர்புகளும், அவற்றைப் பிற இசைக்கலைஞர்கள் சிரிப்போடு சொல்லும் கதைகளும்தான். அவரது ஒழுக்க மீறல்கள் சிறியவை அல்ல, மறைக்கவேண்டியவையும் அல்ல. ஆனால் மகளின் குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர், தந்தையின் பிரசங்கத்தைத்தான் முதலில் கேட்கவேண்டும். ‘கழுகு தன் கூட்டைக் கலைத்து’ என்னும் உபாகம வசனத்தின் மேல் அவர் செய்த பிரசங்கம் இசைத்தட்டாக வந்து நாடெங்கும் விற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இன்று இருக்கிறது. உரையாடல் தொனியில் மெதுவாகத் தொடங்குகிறார். வாக்கியங்கள் குறுகுகின்றன. மூச்சு ஒரு தாளத்தில் விழுகிறது. ஒரு கட்டத்தில் பேச்சு சுருதியேறிப் பாட்டாகிவிடுகிறது. எந்த இடத்தில் பேச்சு முடிந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது. சபையார் ஒவ்வொரு அடிக்கும் குரல் கொடுக்கிறார்கள். அரீதாவின் பாட்டுகளில் கடைசி ஒரு நிமிடம் என்ன நடக்கிறதோ, அதன் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. நிக் சால்வடோர் 2005-இல் எழுதிய சி.எல். ஃபிராங்க்ளினின் வாழ்க்கை வரலாறு இந்தப் பிரசங்கக் கலையை உரிய மதிப்போடு விளக்கிவிட்டது; அதற்குப் பின் வந்த மகளின் வரலாறு அதிலிருந்து இன்னும் நிறைய எடுத்திருக்கலாம்.

அந்தத் திருச்சபை இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவையும் நூல் போகிறபோக்கில்தான் காட்டுகிறது. டெட்ராய்ட்டின் கறுப்பினக் கடைவீதி அது. போதகரின் பிரசங்கங்களையும், பதினான்கு வயது அரீதாவின் ஞானப்பாட்டுகளையும் முதன்முதலில் ஒலிநாடாவில் பிடித்த ஜோ வான் பாட்டிலின் இசைத்தட்டுக் கடையும் அங்கேதான் இருந்தது. நெடுஞ்சாலை போடுவதற்காக அந்தத் தெருவையே அழித்தார்கள். கடை பன்னிரண்டாம் தெருவுக்குப் போயிற்று. 1967 ஜூலைக் கலவரத்தில் அங்கேயும் அழிந்தது. மூல ஒலிநாடாக்களும் போயின. நாடு முழுவதும் ‘ரெஸ்பெக்ட்’ ஒலித்துக்கொண்டிருந்த அதே கோடையில், அதைப் பாடியவரின் முதல் பதிவைச் செய்த கடை எரிந்தது. ஒரு நகரம் தன் கறுப்பின மக்களிடம் நடந்துகொண்ட விதமும் ஒரு பாடகியின் வாழ்க்கையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும்போது, குடும்பக் கதையை மட்டும் தனியே உருவி எடுப்பது எப்படிப் போதும்?

அரசியலிலும் இதே மெலிவுதான். 1970-இல் கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் கைதானபோது, தேவைப்பட்டால் 2,50,000 டாலர் வரை பிணைத்தொகை கட்டத் தயார் என்று அரீதா அறிவித்தார். தந்தை தடுத்தும் கேட்கவில்லை. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அரீதாவையும் அவரைச் சுற்றியிருந்த இயக்கங்களையும் பல ஆண்டுகள் கண்காணித்துச் சேர்த்த 270 பக்கக் கோப்பு 2022-இல்தான் வெளியே வந்தது. 2014-இல் எழுதியவருக்கு அது கிடைத்திருக்க வழியில்லை. அதை அவர் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏஞ்சலா டேவிஸ் குறித்த அறிவிப்பு அன்றே பத்திரிகையில் வந்தது. அதைத் தனிமனித உணர்ச்சிவேகமாகக் காட்டாமல், தெளிந்த அரசியல் முடிவாகப் பின்தொடர்ந்திருந்தால் வேறொரு அரீதா தெரிந்திருப்பார்.

நூலின் கடைசிப் பகுதி ரத்தான நிகழ்ச்சிகள், அறிவித்துக் கைவிட்ட திட்டங்கள், விமானப் பயண அச்சம், உடல்நலக் குறைவு என்று வேகமாக ஓடுகிறது. 1979 ஜூனில் வீட்டுக்குள் புகுந்த திருடர்களால் சுடப்பட்ட தந்தை ஐந்தாண்டுகள் நினைவிழந்து கிடந்து 1984-இல் இறந்தது, பிறகு தங்கை, அண்ணன், அக்கா என்று ஒவ்வொருவராகப் போனது எல்லாம் அங்கே உண்டு. இசை மட்டும் அங்கே குறைந்துகொண்டே போகிறது. 1998 கிராமி விழாவில், ஓபரா பாடகர் பவரோட்டி வர இயலாமல்போக, மிகக் குறுகிய நேர அறிவிப்பில் அவருக்குரிய சுருதியிலேயே ‘நெஸ்சுன் டோர்மா’ என்னும் ஓபரா பாடலை அரீதா பாடினாரே, ஐம்பத்தைந்து வயதில் அதைச் செய்ய ஒரு குரலுக்கும் ஒரு மனத்துக்கும் எவ்வளவு பயிற்சி இருந்திருக்கவேண்டும் என்று நின்று கேட்பதற்கு நூலுக்கு நேரமில்லை.

இனி எழுதப்போகிறவருக்கு ஒரு தொடக்கம் சொல்லவேண்டுமென்றால், இரண்டு பதிவுகளை அருகருகே வைத்துக் கேட்கச் சொல்வேன். இரண்டிலும் பாட்டு ஒன்றுதான், ‘நெவர் குரோ ஓல்ட்’ என்ற பழைய ஞானப்பாட்டு. முதலாவது 1956-இல் நியூ பெத்தேல் சபையில் எடுத்தது. பியானோவும் குரலும் பதினான்கு வயது அரீதாவுடையவை. இரண்டாவது 1972-இல் வாட்ஸில், இரண்டாம் இரவின் இறுதியில் எடுத்தது. அப்போது அவருக்கு இருபத்தொன்பது. முதல் பதிவிலேயே ஓர் அடியை நீட்டிப் பிடித்து, சபை பதில் சொல்லும் வரை காத்திருந்து, பதில் வந்த பிறகே இடக்கை அடுத்த சுரத்துக்கு நகர்கிறது. இரண்டாவதில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீள்கிறது. சபை எழுந்து நிற்கிறது. அதே இரவில், பியானோ முன் வியர்த்து வழியும் மகளின் அருகே தந்தை வந்து கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துவிடுவதைப் படத்தில் பார்க்கலாம். அரீதா கண்ணைத் திறக்கவில்லை. கைகள் கட்டைகளிலிருந்து எழவில்லை.